பரிசுக் கூப்பன் தேதி முடிந்துவிட்டால் அதிலிருக்கும் பணம் யாருடையது?

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். நுகர்வோர் சட்டம் தெரிஞ்சவங்க இங்கே இருக்கீங்க என்பதால் எழுதுகிறேன்.

அம்மா 31 வருஷம் பள்ளி ஆசிரியை. ஓய்வு பெற்ற அன்று கூட வேலை பார்த்த டீச்சர்கள் ஏழு பேர் காசு போட்டு ஒரு பெரிய துணிக்கடையில் 6,000 ரூபாய்க்குக் கிஃப்ட் வவுச்சர் வாங்கிக் கொடுத்தாங்க. ஆயிரம் ரூபாய்த் தாள் ஆறு, அழகான உறையில். உங்களுக்குப் பிடிச்ச கலர்ல நீங்களே எடுத்துக்கங்க என்று சொல்லித்தான் கொடுத்தாங்க. அடுத்த மாதமே அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன். ஆஸ்பத்திரி, வீடு, ஆஸ்பத்திரி என்று நாள் ஓடிப்போச்சு. வவுச்சர் பீரோவில் புடவைகளுக்கு நடுவில் பத்திரமாக இருந்தது.

போன வாரம்தான் கடைக்குப் போனோம். அம்மா ஒரு மணி நேரம் பார்த்து அரக்குக் கலரில் ஒரு புடவை எடுத்தாங்க. பில் போடுற இடத்தில் வவுச்சரை நீட்டினால், "ஆறு மாசம் முடிஞ்சு 23 நாள் ஆயிடுச்சு, செல்லாது மேடம்" என்று சொல்லிட்டாங்க. மேனேஜர் வந்து பின்பக்கம் இருந்த பொடி எழுத்தை விரலால் காட்டினார். அம்மா எதுவும் பேசவில்லை. புடவையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்துட்டாங்க. ஆட்டோவில் வரும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க: "அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிய வேணாம்."

6,000 ரூபாயைக் கடை முழுசாக வாங்கி வைத்திருக்கிறது. ஒரு முழத் துணிகூடக் கொடுக்கவில்லை. இப்போது அந்தப் பணம் அவர்களுடையதாகிவிடுமா? ஒரு வருஷத்துக்குக் குறைவாகத் தேதி போடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?

நொய்யல்:
உண்மைதான் அக்கா. எனக்கு ஆபீஸில் தீபாவளிக்குக் கொடுத்த கிஃப்ட் கார்டு தேதி முடிஞ்சு போச்சு. கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டேன். முதலில் முடியாதுன்னாங்க. ரிசர்வ் வங்கி விதியை எழுதி இரண்டாவது மெயில் போட்டதும் பேங்க் அக்கவுண்ட் நம்பர் கேட்டு மீதிப் பணத்தை அனுப்பிட்டாங்க. நீங்களும் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு ஆன்லைனில் புகார் போடுங்க. காசு கிடையாது.

கருப்புக்கோட்டு:
நொய்யல் சொல்வது அவருடைய கார்டுக்குச் சரி. வைகைக்கரையின் வவுச்சருக்குப் பொருந்தாமல் போகலாம். பலர் சறுக்கும் இடம் இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் நாட்டில் கிஃப்ட் கார்டு என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன.

முதல் வகையை வெளியிடுவது ஒரு வங்கி, அல்லது ரிசர்வ் வங்கியிடம் அனுமதி பெற்ற நிறுவனம். பல கடைகளில் செல்லும். இதற்குத்தான் 2021 ஆகஸ்ட் 27 அன்று வந்த ரிசர்வ் வங்கியின் பிபிஐ, அதாவது முன்கூட்டிப் பணம் ஏற்றிய கார்டு போன்றவற்றுக்கான விதித்தொகுப்பு. அதன்படி ஒரு கிஃப்ட் கார்டில் 10,000 ரூபாய்க்கு மேல் ஏற்றக்கூடாது. குறைந்தது ஒரு வருடம் செல்ல வேண்டும். தேதி முடிவதற்கு முந்தைய 45 நாட்களில் எஸ்எம்எஸ், மெயில் என்று எச்சரிக்க வேண்டும். தேதி முடிந்த பிறகும் மீதியை மூன்று வருடத்துக்கு நிறுவனம் தன் லாபக் கணக்கில் சேர்க்கக்கூடாது. தேதி முடிந்த பின் எப்போது வந்து கேட்டாலும் வங்கிக் கணக்குக்குத் திருப்பித் தர வேண்டும். நொய்யலுக்குப் பணம் வந்தது இதனால்தான்.

இரண்டாவது வகை, ஒரு கடை தன் கடையில் மட்டும் செல்லும்படி தானே அச்சடிப்பது. இதை மூடிய வகை என்று ரிசர்வ் வங்கி தனியே பிரித்து, இது என் அனுமதி தேவைப்படும் பணப்பட்டுவாடா முறை அல்ல என்று ஒதுக்கிவிட்டது. ஆகவே ஒரு வருடக் கணக்கு, 45 நாள் எச்சரிக்கை எதுவும் இதற்கு இல்லை. குறைதீர்ப்பாளரும் இதைக் கையில் எடுக்க மாட்டார்.

எனவே முதலில் தாளைத் திருப்பிப் பாருங்கள். வெளியிட்டவர் என்று யார் பெயர் இருக்கிறது?

வைகைக்கரை:
பார்த்தேன் சார். கடை பெயர் மட்டும்தான். "எங்கள் கிளைகளில் மட்டும் செல்லும். ரொக்கமாக மாற்ற இயலாது. 6 மாதங்களுக்குள் பயன்படுத்தவும்." அவ்வளவுதான். வங்கி பெயர் எதுவும் இல்லை.

அப்படின்னா சட்டமே இல்லையா? முதல் வகை வாங்கியிருந்தால் பணம் திரும்ப வந்திருக்கும், இந்த வகை வாங்கியதால் போச்சு என்றால், வாங்கின டீச்சர்களுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? கவுண்டரில் யாரும் சொல்லப்போவதில்லை.

ஈரோட்டுச்சந்தை:
நான் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன், சின்னக் கடைதான். தீபாவளி, பொங்கலுக்கு மில்லுகாரர்கள் தொழிலாளர்களுக்குக் கொடுக்க எங்களிடம் வவுச்சர் வாங்குவாங்க. கடைக்காரன் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

தேதி போடுவதற்குக் காரணம் இருக்கு. பழைய வவுச்சரைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து வந்த கதை எங்களுக்கே நடந்திருக்கு. நம்பர் வரிசையை எத்தனை வருஷம் சரிபார்த்துக்கொண்டிருப்பது? அப்புறம் இன்றைக்கு ஆயிரம் ரூபாய்க்கு விற்கிற புடவை மூணு வருஷம் கழித்து 1,400 ஆகியிருக்கும். வெளியே எவ்வளவு வவுச்சர் சுற்றுகிறது என்று தெரியாமல் சரக்கு போட முடியாது.

ஆனால் உங்க அம்மா விஷயத்தில் அந்தக் கடை செய்தது எனக்கு ஒப்பவில்லை அம்மா. 23 நாள் என்பது ஒரு விஷயமே இல்லை. நான் ஒரு வருஷம் போடுகிறேன். தேதி தாண்டி வந்தாலும் நம்பரைப் பார்த்து, முன்னாடி மாறாத தாள் என்றால் சரக்கு கொடுத்துத்தான் அனுப்புவேன். வாங்கின காசு கல்லாவில் இருக்கும்போது பெண்பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப மனசு வராது.

ஐந்தொகை:
அண்ணாச்சி, உங்கள் மனசுக்கு நன்றி. ஜெராக்ஸ் பிரச்சினையை ஏற்கிறேன். விலையேற்றக் கணக்கு மட்டும் தலைகீழாக இருக்கிறது. வவுச்சரில் எழுதியிருப்பது ஒரு புடவை என்று அல்ல, ஆயிரம் ரூபாய் என்று. மூன்று வருஷம் கழித்து 1,400 ரூபாய்ப் புடவைக்கு வந்தால் அவர் கையிலிருந்து 400 போட வேண்டும். நஷ்டம் வாடிக்கையாளருக்குத்தான். அதுவரை அந்த ஆயிரத்தை வட்டியில்லாமல் சுழற்றியது கடை.

நான் கணக்குத் தணிக்கை வேலையில் இருப்பவன். எங்கள் பேச்சில் இதற்கு ஒரு பெயர் உண்டு, பிரேக்கேஜ். நூறு வவுச்சர் விற்றால் சில திரும்பி வராது என்பது அனுபவத்தில் தெரியும். அப்படி வராது என்று மதிப்பிடும் பங்கை வருமானமாகக் காட்டவே கணக்கியல் தரமான இண்ட் ஏஎஸ் 115 வழி வைத்திருக்கிறது. வவுச்சர் விற்ற அன்று அது கடையின் ஐந்தொகையில், அதாவது சொத்து, கடன் பட்டியலில், கடனாக நிற்கும். பொருள் கொடுத்தால் கடன் தீரும். பொருள் கொடுக்காமலே தீர்த்துக்கொள்ள உதவுவது அந்தப் பொடி எழுத்துத் தேதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வவுச்சருக்கு எப்போது ஜிஎஸ்டி என்று ஒரு பெரிய நகைக்கடை நிறுவனத்தின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கல்யாண் ஜுவல்லர்ஸ் வழக்கு, 2023 நவம்பரில் தீர்ப்பு. வவுச்சர் தனக்குள் ஒரு பொருள் அல்ல, கடையிடமிருந்து வரவேண்டிய ஒரு கடன் உரிமை மாதிரி, அதைக் கொடுத்துப் பொருள் வாங்கும்போதுதான் வரி என்று நீதிமன்றம் சொன்னது. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலும் வவுச்சர் கைமாறுவது பொருள் விற்பனையும் அல்ல, சேவையும் அல்ல என்று முடிவெடுத்தது. பயன்படுத்தாமல் போன வவுச்சர் பணத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்றும் அந்த மாதக் கடைசியில் சுற்றறிக்கை வந்தது. ஏன் இல்லை? எதுவும் விற்கப்படவில்லை என்பதால்.

வரி என்று வந்தால் ஒன்றும் விற்கவில்லை என்பதுதான் நிலை. அப்படியானால் வாடிக்கையாளர் கேட்கும்போது அந்தப் பணத்தை எந்தக் கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள்? எனக்கு இது பல நாளாக உறுத்துகிறது.

பனங்கூடல்:
நான் கனடாவில, ஸ்கார்பரோவில இருக்கிறன். இதை வாசிக்க மனசுக்குக் கஷ்டமாக் கிடக்குது தங்கச்சி. இஞ்ச ஒன்ராறியோ மாகாணத்தில 2007 ஒக்டோபர் 1க்குப் பிறகு வித்த கிஃப்ட் கார்டுக்கு காலாவதித் தேதி போடவே ஏலாது எண்டு சட்டம். எங்கட வீட்டு லாச்சியில நாலு வருசமாக் கிடந்த ஒரு உடுப்புக்கடைக் கார்டைப் போன நத்தாருக்கு எடுத்துக்கொண்டு போனன். கடையில நிண்ட பிள்ளை ஒண்டும் கதைக்காமல் தேய்ச்சு, கணக்கைக் கழிச்சுத் தந்தது.

ஆனா ஒரு ஓட்டை இருக்குது. ஒரு குறிப்பிட்ட சேவைக்கு எண்டு எழுதின வவுச்சர், அதாவது ஒரு மசாஜ், ஒரு ஃபேசியல் எண்டு போட்டதுக்கு, இந்தச் சட்டம் இல்லை. காசுத்தொகை எழுதினதுக்குத்தான். கடைக்காரர் சும்மா தாற கூப்பனுக்கும் இல்லை. மகளுக்கு பியூட்டி பார்லர் வவுச்சர் ஒண்டு அப்பிடித்தான் போனது. அதுக்குப் பிறகு தொகை எழுதின கார்டு மட்டும்தான் நான் வாங்கிறது.

ஜெர்சி_குமரன்:
அமெரிக்காவில் 2009ல் வந்த கார்ட் சட்டம் இதைத் தொட்டது. 2010 ஆகஸ்ட் முதல் நடைமுறை. கார்டில் ஏற்றிய பணம் குறைந்தது ஐந்து வருடம் செல்ல வேண்டும். பன்னிரண்டு மாதம் தொடாமல் கிடந்தால்தான் சும்மா கிடக்கும் கட்டணம் என்று எதையாவது பிடிக்கலாம், அதுவும் மாதம் ஒருமுறை மட்டும், முன்னாலேயே எழுதியிருந்தால் மட்டும். நீங்கள் கவனிக்க வேண்டியது, அங்கே இந்தச் சட்டம் கடையின் சொந்தக் கார்டையும் சேர்த்தே பிடிக்கிறது. பல கடையில் செல்லும் கார்டு, ஒரே கடைக் கார்டு என்ற வேலியை அவர்கள் போடவில்லை. ஆஸ்திரேலியாவிலும் 2019 நவம்பரிலிருந்து மூன்று வருடம். நம் ஊரில் அந்த வேலிதான் ஓட்டையாக நிற்கிறது என்று தோன்றுகிறது.

கருப்புக்கோட்டு:
குமரன் சொன்னதுதான் விஷயம். கடையின் சொந்த வவுச்சருக்குக் குறைந்தபட்சம் இத்தனை மாதம் என்று நம் நாட்டில் எந்தச் சட்டமும் எண் சொல்லவில்லை. அதற்காகக் கை கட்டி நிற்க வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது.

அம்மா வாங்கவில்லையே, பரிசாகத்தானே வந்தது, அவர் எப்படி நுகர்வோர் என்று கடை முதல் வாதமாகக் கேட்கும். அந்தச் சட்டத்தில் நுகர்வோர் என்பவர் காசு கொடுத்தவர் மட்டும் அல்ல. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். சக ஆசிரியைகள் சம்மதித்தார்களா என்று யாரும் நிரூபிக்கச் சொல்லப்போவதில்லை. ஆனாலும் அவர்களில் ஒருவரிடமிருந்து பணம் கட்டிய ரசீதோ யுபிஐ பதிவோ கிடைத்தால் வாங்கி வையுங்கள்.

இரண்டாவது, வவுச்சர் பொருளே அல்ல என்பார்கள். 2015ல் சோடெக்ஸோ உணவுக் கூப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது விற்பனைப் பொருள் அல்ல என்று சொன்னதை எடுத்து நீட்டக்கூடும். அது நமக்குத்தான் நல்லது. பொருள் அல்ல என்றால், ஐந்தொகை சொன்னபடி, அது பின்னால் வாங்கப்போகும் துணிக்கு முன்கூட்டிக் கட்டிய பணம். முழுப் பணமும் வாங்கிக்கொண்டு துணி தர மறுப்பது சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை என்று எழுதலாம்.

ஒரு நுட்பம். நுகர்வோருக்குப் பாதகமான, நியாயமில்லாத நிபந்தனையைத் திணிப்பதை 2(46) பிரிவு நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. உங்கள் ஆறு மாத நிபந்தனை அதற்குள் அழகாக உட்காரும். ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற புகாரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது. மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். 6,000 ரூபாய்க்காக மாநில ஆணையம் வரை அலைவதா? அதனால் மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை என்ற இரண்டின் மேல் நிற்பது நடைமுறைக்கு உகந்தது. நிச்சயம் ஜெயிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பின்பக்கம் எழுதியிருக்கிறதே என்பதை எடைபோட்டு ஆணையம் வேறு மாதிரியும் முடிவெடுக்கலாம். ஆனால் வலுவான வாதம்.

நடைமுறை எளிது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கடையின் தலைமையிடம் எங்கே இருந்தாலும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளம் இருக்கிறது. அதற்கும் முன்னால் 1915க்குப் போன் போடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழில் பேசலாம். அவர்கள் கடைக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்பார்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்வதைப் பார்த்திருக்கிறேன்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: ஆறு தாளையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். கடைக்கு மெயிலிலும் பதிவுத் தபாலிலும் ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். அதில் அப்பாவின் ஆபரேஷன் தேதியை எழுதுங்கள், இரக்கத்துக்காக அல்ல, காலதாமதத்துக்குக் காரணம் பதிவாக வேண்டும் என்பதற்காக. அசல் தாளை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

தாமிரபரணி:
இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கணும். சுடிதார் ஒரே துவைப்பில் சாயம் போச்சு. திருப்பிக் கொடுத்தால் பணம் தராமல் கிரெடிட் நோட் கொடுத்தாங்க, மூணு மாசம்தான் செல்லுமாம். இதுவும் வவுச்சர் மாதிரிதானா?

கருப்புக்கோட்டு:
உங்கள் நிலை இன்னும் வலுவானது அம்மா. பரிசு வவுச்சரில் பொருளே கைமாறவில்லை. உங்களுக்குக் கொடுத்த பொருளே குறையுள்ளது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பில்லில் எழுதிய காலத்துக்குள், எழுதாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று அதே நுகர்வோர் சட்டத்தின் 2(47) பிரிவு பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. கிரெடிட் நோட் வாங்கிக்கொள்ள நீங்கள் கட்டுப்பட்டவர் அல்ல. மனம் மாறித் திருப்பிக் கொடுத்திருந்தால் பேச்சு வேறு. பில், சுடிதார் இரண்டையும் பத்திரமாக வையுங்கள்.

ஜெர்சி_குமரன்:
தேதியை விடப் பெரிய ஆபத்து ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடையே மூடினால்? 2008ல் இங்கே அமெரிக்காவில் ஷார்ப்பர் இமேஜ் என்ற கடை நிறுவனம் திவால் மனு போட்டதும் கிஃப்ட் கார்டை நிறுத்தினார்கள். பிறகு கார்டு மதிப்பைப் போல இரண்டு மடங்குக்கு வாங்கினால்தான் ஏற்போம் என்றார்கள். 2016 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் டிக் ஸ்மித் என்ற கடை நிறுவனம் விழுந்தபோது கார்டு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று அறிவித்தார்கள். ஐந்து வருடம் செல்லும் என்ற சட்டம் கடை உயிரோடு இருக்கும்வரைதான். வவுச்சர் கையில் வந்தால் சீக்கிரம் செலவழித்துவிடுவதுதான் நல்லது. வைகைக்கரை அம்மாவைக் குறை சொல்லவில்லை, ஆஸ்பத்திரி அலைச்சல் எனக்கும் தெரியும்.

வைகைக்கரை:
பதினெட்டு நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

கருப்புக்கோட்டு சார் சொன்னபடி கடிதம் அனுப்பி, 1915லும் பதிவு செய்தேன். எட்டாம் நாள் கடையின் தலைமை அலுவலகத்திலிருந்து போன். மூன்று மாதம் நீட்டித்துத் தருகிறோம் என்றார்கள். நான் ஒரு வருஷம் கேட்டேன். யோசித்துவிட்டு, புது வவுச்சர் வேண்டாம், இந்த வாரமே வந்து எடுத்துக்கொள்ளுங்கள், பழையதை அப்படியே ஏற்கிறோம் என்றார்கள். அம்மாவை அழைத்துப் போனேன். அந்த அரக்குப் புடவை விற்றுப்போயிருந்தது. மயில்கழுத்துக் கலரில் ஒன்று எடுத்தாங்க, மேலே 350 ரூபாய் போட்டோம். அதே மேனேஜர்தான் பில் போட்டார். மரியாதையாக நடந்துகொண்டார்.

ஆனால் வரும்போது பக்கத்துக் கவுண்டரில் புது வவுச்சர் விற்றுக்கொண்டிருந்தாங்க. ஒன்றை எடுத்துப் பின்பக்கம் பார்த்தேன். அதே ஆறு மாசம், அதே பொடி எழுத்து. என் புகார் முடிந்தது, ஆனால் அந்த நிபந்தனை அப்படியே இருக்கு. இதற்கு மேல் நான் செய்ய ஏதாவது வழி இருக்கா? எனக்கு இழப்பு இல்லை என்பதால் புகார் கொடுக்க முடியாதா?

கருப்புக்கோட்டு:
மிக்க மகிழ்ச்சி. ஆணையத்தில் இழப்பீட்டுப் புகார் இனி நிற்காது, உங்களுக்கு வரவேண்டியது வந்துவிட்டது. ஆனால் அதே சட்டத்தில் 17வது பிரிவு இருக்கிறது. நுகர்வோர் கூட்டத்துக்கே பாதகமான நடைமுறை என்றால் மாவட்ட ஆட்சியருக்கோ மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கோ எழுத்தில் புகார் அனுப்பலாம். ஒருவருடைய இழப்பு அங்கே கேள்வி இல்லை. விசாரித்து நடைமுறையை நிறுத்தச் சொல்ல மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பழைய வவுச்சர் போட்டோ, கடை அனுப்பிய பதில், இப்போது விற்கும் வவுச்சரின் பின்பக்கம், மூன்றையும் இணையுங்கள்.

ஈரோட்டுச்சந்தை:
மனுவில் ஒரு வரி சேருங்கம்மா. தேதியை முன்பக்கத்தில், தொகை எழுதியிருக்கிற அதே அளவு எழுத்தில் போடச் சொல்லுங்க. அடுத்த பொங்கலுக்கு என் கடை வவுச்சரை அப்படித்தான் அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன். பின்பக்கம் "தேதி கடந்தாலும் கடையில் கேட்கவும்" என்றும் சேர்த்திருக்கிறேன்.

வைகைக்கரை:
சேர்த்துவிட்டேன் அண்ணா. வருகிற திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப்போகிறேன். நேற்று ராத்திரி மனுவை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் போனை எடுத்து அந்த டீச்சர்களுக்கு ஒவ்வொருத்தராக அம்மாவே நடந்ததைச் சொன்னாங்க. ஏழு பேரில் அஞ்சு பேர் கையெழுத்துப் போட ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வர்றாங்க.